டொமினிக்கா தீவுக்குப் பயணம்: வழி, விசா, காசு, மலைநடை, சாப்பாடு பற்றி விபரம் வேணும்

டிக்கோயா_பயணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் வருகிற பெப்ரவரி கடைசியில் பத்து நாள் டொமினிக்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். டொமினிக்கன் குடியரசு இல்லை. குவாடலூப்புக்கும் மார்டினிக்குக்கும் நடுவில் இருக்கிற சின்ன மலைத்தீவு. கடற்கரையில் படுத்திருக்கப் போகவில்லை. காடு, அருவி, அந்தக் கொதிக்கும் ஏரி, இவற்றைப் பார்க்கத்தான் ஆசை.

கேட்க வேண்டியது நிறைய. கொழும்பிலிருந்து எந்த வழி நல்லது? இணையத்தில் பாரிஸ் வழியாகக் குவாடலூப் போய் அங்கிருந்து கப்பலில் போகும் டிக்கெட்தான் விலை குறைவாகக் காட்டுகிறது, அதை எடுக்கலாமா? காசை எப்படிக் கொண்டுபோவது? கொதிக்கும் ஏரிக்கு ஆள் பிடிக்காமல் நாங்களே நடக்கலாமா? இருவரும் வருஷா வருஷம் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள். இன்னொன்று, அவர் சைவம், முட்டையும் தொட மாட்டார். பத்து நாள் என்ன சாப்பிடுவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பெரிய உதவி.

டிக்கெட்_மேசை எழுதியது:

தங்கச்சி, ஹோட்டல் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் வழியைப் பாருங்க. நம்ம கடவுச்சீட்டில் அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது தீவில் இல்லை, நடுவில் விமானம் மாறுகிற இடத்தில்தான்.

நீங்கள் சொன்ன பாரிஸ் டிக்கெட்டை எடுக்கவே வேண்டாம். அது மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அதில் இரண்டு விசாவின் செலவும் அலைச்சலும் கணக்கில் இல்லை. ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையத்துக்குள் வெறுமனே மாறிப்போவதற்கே 'விமான நிலைய இடைவழி விசா' கேட்கும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. பாரிஸ், அம்ஸ்டர்டாம், பிராங்பர்ட் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். இறங்கும் விமான நிலையம் ஒன்று, ஏறும் விமான நிலையம் வேறொன்று என்று டிக்கெட் அமைந்தால் அந்த இடைவழி விசாவும் போதாது, முழு நுழைவு விசா வேணும். அதோடு முடியவில்லை. குவாடலூப் பிரான்சின் மாவட்டம்தான், ஆனால் ஷெங்கன் வலயத்துக்குள் சேராது. சாதாரண ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதி என்று குறிப்பிட்டு, அதற்கென்று விசா வாங்க வேணும். இது தெரியாமல் போகிறவர்களைக் கட்டுநாயக்கவில் விமான நிறுவன மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் காசும் பெரும்பாலும் திரும்பாது.

லண்டன் வழியிலும் இதே கதைதான். பிரித்தானியா இடைவழி விசா கேட்கும் நாடுகளில் நாமும் சேர்த்தி. ஒரே விமான நிலையத்துக்குள் இருந்து மாறினால் ஒரு வகை, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தாலோ ஹீத்ரோவிலிருந்து கட்விக்குக்கு மாற வேண்டியிருந்தாலோ எல்லையைக் கடக்கிற இன்னொரு வகை. டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்த பிறகுதான் எந்த விசா என்பதே தெரியும்.

மூன்றாவது மியாமி வழி. மியாமியிலிருந்து டொமினிக்காவுக்கு 2021 டிசம்பரிலிருந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நேரடி விமானம் ஓட்டுகிறது. அமெரிக்காவில் 'உள்ளேயே இருந்து மாறுவது' என்ற ஏற்பாடே கிடையாது. குடிவரவு மேசையைக் கடந்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி பெட்டியைப் போட்டு, பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேணும். ஆகவே அமெரிக்க விசா கட்டாயம். சுற்றுலா விசாவும் சரி, இடைவழி விசாவும் சரி, இரண்டுக்கும் நேர்முகம் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் என் ஆலோசனை மியாமிதான். ஏனென்றால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா கடவுச்சீட்டில் இருந்தால், ஷெங்கன் விமான நிலைய இடைவழி விசாவிலிருந்து விலக்குக் கிடைக்கும். பிரித்தானியாவின் உள்வழி மாற்றத்துக்கும் பொதுவாக அதே விலக்கு உண்டு. ஒரு விசா, பல வழி. அந்த விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட் வாங்குங்க. முன்னால் வாங்கி வைத்துவிட்டு நேர்முகத் திகதிக்காகக் காத்திருப்பது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற வேலை.

டொமினிக்காவின் நுழைவு விதியைப் பழைய வலைப்பதிவுகளில் பார்த்து முடிவு செய்யாதீங்க. விமான நிறுவனத்திடம் உங்கள் கடவுச்சீட்டு, முழு வழி, தங்கும் நாட்கள் மூன்றையும் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்க. அவர்கள் வைத்திருக்கிற விதிப்பட்டியல்தான் கட்டுநாயக்கவிலும் திரையில் வரும். பதிலை அச்செடுத்துக் கையில் வையுங்க. தங்குமிட முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் தாளில் இருக்கட்டும். தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்த நேரத்தில்தான் அதிகாரி கேட்பார்.

பெட்டி பற்றி ஒன்று. டொமினிக்காவின் விமான நிலையக் குறியீடு டிஓஎம். டொமினிக்கன் குடியரசின் சாந்தோ டொமிங்கோ எஸ்டிகியூ, புந்தா கானா பியுஜே. பெயர் ஒத்திருப்பதால் ஆட்களும் பெட்டிகளும் மாறிப்போவது இந்தத் தீவுக்குப் பழகிப்போன தொல்லை. மேசையில் சீட்டு ஒட்டும்போது பெரிய எழுத்தில் டிஓஎம் என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்க. மியாமியில் பெட்டியை மறுபடி போடும்போதும் பாருங்க. இரண்டு நாள் உடுப்பும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும்.

இரண்டு விமானத்துக்கும் நடுவில் மியாமியில் நாலு மணித்தியாலமாவது வையுங்க. அன்ரிகுவா, பார்படோஸ் வழியாகச் சின்ன விமானத்தில் போவதாக இருந்தால் தாமதம் சாதாரணம், இரவு அங்கே தங்க நேரலாம். அப்படி நேர்ந்தால் அந்த நாட்டின் நுழைவு விதியும் உங்களுக்குப் பொருந்த வேணும். தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் ஒரு விமானம் தவறியதற்கு அடுத்த விமானக்காரர் பொறுப்பில்லை. எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருப்பது சில ஆயிரம் ரூபா கூடினாலும் நல்லது.

கல்லுமலை_நடை எழுதியது:

வழியைப் பற்றி அண்ணன் சொல்லிட்டார். நான் ஏரிக்கு வர்றேன்.

சிவனொளிபாதமலை ஏறுற கால்னு சொன்னீங்க. கால் போதும், ஆனா அந்தப் பழக்கத்தை அப்படியே அங்க கொண்டுபோகாதீங்க. நம்ம மலை 2243 மீட்டர். டொமினிக்காவிலயே உயரமான டியாப்லோட்டின் மலை 1447 மீட்டர்தான், நுவரெலியா டவுனை விடக் கீழ. உயரத்தைப் பார்த்து லேசா நினைக்கிறது இங்கதான். சிவனொளிபாதத்தில படி இருக்கு, பருவத்தில லைட் இருக்கு, முன்னாலயும் பின்னாலயும் சனம் இருக்கு, இடைக்கிடை தேத்தண்ணிக் கடை இருக்கு. கொதிக்கும் ஏரிப் பாதையில இது ஒண்ணும் கிடையாது. போக வர சுமார் 13 கிலோமீட்டர், ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம். ஒரே ஏத்தம் ஒரே இறக்கம்னும் இல்லை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் போகணும், திரும்பும்போது அதே அத்தனையும் எதிர்ப்பக்கமா. போகும்போது இறங்கின இடமெல்லாம் வரும்போது ஏத்தம்னு மனசில வச்சுக்கங்க. ஆட்கள் களைச்சு விழுறது திரும்பி வர்ற கடைசி ரெண்டு மணித்தியாலத்தில.

பாதை லோடா கிராமத்துக்கு மேல, டீட்டூ பள்ளத்தாக்கு பக்கம் தொடங்குது. முதல் பாகம் அடர்ந்த மழைக்காடு, வேரும் சேறும் மரக்கட்டைப் படியும். கட்டைப் படி பாசி பிடிச்சு வழுக்கும், நடுவில மிதிக்காம ஓரத்தில மண் இருக்கிற பக்கம் மிதிங்க. சுமார் ஒரு மணித்தியாலத்தில 'காலைச் சாப்பாட்டு ஆறு'ன்னு சொல்ற ஓடை வரும். தண்ணி நிரப்புற கடைசி நல்ல இடம் அதுதான். அதுக்கு அப்புறம் வர்ற தண்ணி கந்தகத் தண்ணி, குடிக்க ஆகாது. ஆளுக்கு ரெண்டு லீட்டர் கொள்ளுற மாதிரி போத்தல் கொண்டுபோங்க. பிறகு நிக்கல்ஸ் மலை உச்சி. வானம் திறந்திருந்தா அங்கிருந்து ஏரியோட ஆவி தூரத்தில வெள்ளைப் புகையா எழும்புறது தெரியும்.

அதுக்குக் கீழ இருக்கிற பாழ் பள்ளத்தாக்குதான் கவனமா இருக்க வேண்டிய இடம். மரம் செடி இல்லாம, சாம்பலும் மஞ்சளும் வெள்ளையும் கலந்த தரை. அங்கங்க சேறு கொதிக்கும், பாறை வெடிப்பில இருந்து ஆவி சீறும். பக்கத்து பக்கத்தில ஓடுற ரெண்டு ஓடையில ஒண்ணு கையை நனைக்கலாம், மத்தது தோலை உரிச்சிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சில இடத்தில மேல்தரை மெல்லிய ஓடு மாதிரி, கீழ கொதிக்கிற சேறு. காலை வச்சா உள்ள போயிடும். ஆவி வர்ற இடம் காலத்துக்குக் காலம் மாறுறதால பழைய காலடித் தடத்தை நம்பி நடக்கவும் முடியாது. வழிகாட்டி மிதிச்ச இடத்தில மட்டும் மிதிக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான். நீங்களே போகலாமான்னு கேட்டதுக்கு என் பதில்: வேண்டாம். சான்றிதழ் உள்ள வழிகாட்டியை தங்குமிடத்தில கேட்டு முதல் நாளே பேசிடுங்க. வெள்ளி மோதிரம், வெள்ளிக் கொலுசு இருந்தா அறையில கழட்டி வச்சிட்டுப் போங்க, கந்தக ஆவியில ஒரே நாளில கறுத்துடும்.

ஏரி சுமார் 60 மீட்டர் அகலம். விளிம்புத் தண்ணியே 82லிருந்து 92 பாகை செல்சியஸ் வரை அளந்திருக்காங்க, நடுவில கொதிச்சுக்கிட்டே இருக்கும். அடியில சூடான வாயு வெளிய வர்ற ஒரு வெடிப்பு, அதுக்கு மேல மழைத்தண்ணியும் ஓடைத்தண்ணியும் வந்து விழுது, அவ்வளவுதான் அதோட சூட்சுமம். அதனாலதான் சில நேரம் தண்ணி மட்டம் குறைஞ்சு கொதி நின்னும் போகும், பிறகு திடீர்னு நிரம்பும். கொதி நிக்குதுன்னு விளிம்புக்கு இறங்கிடாதீங்க.

காலை ஏழு மணிக்குள்ள நடக்கத் தொடங்கணும். காட்டுக்குள்ள அஞ்சரைக்கே இருட்டும். பிடிப்புள்ள சப்பாத்து, செருப்பு கூடவே கூடாது. மழைச்சட்டை, மாத்து உடுப்பு, உப்புச் சேர்ந்த ஏதாவது சாப்பாடு, சின்ன டோர்ச். விடிய நல்ல மழைன்னா அன்னைக்குப் போகாதீங்க, ஓடை பெருகினா திரும்பி வர முடியாது. அதனால பத்து நாளில ஏரிக்கு ரெண்டு நாள் ஒதுக்கி வைங்க, ஒண்ணு மழைக்கு. பெப்ரவரியிலிருந்து மே வரைதான் அங்க மழை குறைஞ்ச காலம். ஆனா மழை குறைவுன்னா மழையே இல்லைன்னு அர்த்தம் இல்லை. வட்டவளைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் நாளே ஏரிக்குப் போகாதீங்க. எமரால்ட் குளம், ட்ரஃபால்கர் அருவி ரெண்டும் கொஞ்ச நடைதான், உடம்பைப் பழக்க நல்லது. ட்ரஃபால்கரில ரெண்டு அருவி பக்கம் பக்கமா விழுது, பாறைக்கு நடுவில சுடுதண்ணிக் குளமும் இருக்கு. பார்க்கிற இடங்களுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. மூணு நாலு இடம் பார்க்கிறவங்க தனித்தனியா வாங்காம வாரச் சீட்டு கேளுங்க.

டிக்கோயா_பயணி எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. பாரிஸ் டிக்கெட்டை அப்படியே விட்டாச்சு, நல்ல வேளை கேட்டேன். வழிகாட்டி எடுக்கிறோம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். காசு டொலரில் கொண்டுபோனால் போதுமா? அப்புறம் வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, கறித்தூள், கறிவேப்பிலை கொண்டுபோய்ச் சமைக்கலாம் என்று அவர் சொல்கிறார், சரிவருமா?

அடுப்படி_அக்கா எழுதியது:

தங்கச்சி, மியாமி வழியாகப் போனால் அரிசியை வீட்டிலேயே வைத்துவிடு. கப்ரா என்று ஒரு வண்டு, தானியத்தைத் தின்று மாவாக்கிவிடும். அது உள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. அந்த நாடுகளிலிருந்து வருகிறவர்கள் அரிசியையும் கொண்டைக்கடலையையும் பயணப் பெட்டியில் கொண்டுவருவதை 2021ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கா தடுத்திருக்கிறது. கறிவேப்பிலையும் ஆகாது. அது எலுமிச்சை, தோடைக் குடும்பம், அந்த இலையில் வருகிற பூச்சி தோடைத் தோட்டங்களை அழிக்கும் என்று பறித்துவிடுவார்கள். நீ தீவுக்குத்தான் போகிறாய் என்றாலும் மியாமியில் சுங்கம் கடப்பதால் அவர்கள் சட்டம்தான். வறுத்து அரைத்த கறித்தூள், மிளகாய்த்தூள், தேயிலை கொண்டுபோகலாம், கடையில் மூடி முத்திரையிட்ட பைக்கற்றாக இருக்கட்டும். படிவத்தில் உணவு இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்று எழுது. சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், மறைத்தால் தண்டம்.

அரிசியும் பருப்பும் அங்கே கடையிலேயே கிடைக்கும், கவலைப்படாதே. சமையலறை உள்ள அறையாக எடு. நம்ம கைக்குப் பழகிய காய்கறி பாதி அங்கே இருக்கிறது. ஈரப்பலாக்காய் ஊரெல்லாம். அவர்கள் தோலோடு நெருப்பில் போட்டு, கரியாகக் கறுக்கும் வரை சுட்டு, தோலைச் சீவி உள்ளே வெந்த சதையைச் சாப்பிடுவார்கள். சேம்பங்கிழங்குக்கு அங்கே டஷீன் என்று பெயர். வள்ளி, மரவள்ளி, பச்சை வாழைக்காய், எல்லாம் சேர்த்து அவித்தால் 'புரொவிஷன்' என்று சொல்வார்கள். சந்தை சனிக்கிழமை விடியற்காலைதான் நிறைவாக இருக்கும், தலைநகர் ரோசோவில் ஆற்றோரச் சந்தைக்குப் போ. மிளகாய் வாங்கும்போது கவனம், குண்டாகச் சுருங்கி இருக்கிற அந்த மிளகாய் நம்ம நைமிரிஸ் இனம். ஒரு குடும்பக் கறிக்குப் பாதி போதும், கீறாமல் முழுசாகப் போட்டு இறக்கும்போது எடுத்துவிட்டால் வாசம் வரும், காரம் அளவோடு நிற்கும்.

வெளியில் சாப்பிடும்போது உன் வீட்டுக்காரருக்கு உள்ள சிக்கல், மரக்கறி என்று தெரிகிற சாப்பாட்டுக்குள் மறைந்திருக்கிற இறைச்சி. கலலூ அவர்களின் தேசிய உணவு. சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் அவித்த பச்சைக் குழம்பு, பார்த்தால் நம்ம கீரைக்கறிதான். ஆனால் நண்டு போடுவார்கள், இல்லாவிட்டால் உப்பிட்ட பன்றிவால் போடுவார்கள். பயறுச் சூப்பிலும் அப்படித்தான். "இறைச்சி இல்லையா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள், பலருக்கு மீனும் உப்புவாலும் அந்தக் கணக்கில் வராது. இறைச்சி, மீன், நண்டு, பன்றிவால், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேள். இன்னும் லேசான வழி ஒன்று இருக்கிறது. 'ஐட்டல்' என்று எழுதிய கடை தேடு. ரஸ்தபாரி நெறிக்காரரின் சமையல், இறைச்சி சேர்க்க மாட்டார்கள், பலர் உப்பும் போட மாட்டார்கள். உப்பை நீ கொண்டுபோகலாம்.

தேத்தண்ணி பற்றிச் சொல்லாவிட்டால் நம்ம ஆட்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே 'டீ' என்றால் சூடாகக் குடிக்கிற எதுவும் டீதான். காலையில் டீ கேட்டால் கொக்கோவை உருட்டிய கட்டியைச் சீவி, கறுவாவும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய கொக்கோ டீ வரும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு மூலிகை இலை அவித்த நீர் வரும். இரண்டும் நல்லாத்தான் இருக்கும். ஆனால் நம்ம தேயிலை வேணும் என்றால் 'பிளாக் டீ' என்று பிரித்துச் சொல்ல வேணும். தேயிலை கால் கிலோ இரண்டு பைக்கற் எடுத்துப் போ, ஒன்று உங்களுக்கு, ஒன்று தங்குமிடத்து வீட்டம்மாவுக்கு. ஹட்டன் தேயிலை என்று சொல்லிக் கொடு. அதைவிட நல்ல பரிசு நம்மிடம் என்ன இருக்கிறது?

டிக்கெட்_மேசை எழுதியது:

காசு விஷயம். அங்கே ஓடுவது கிழக்குக் கரீபியன் டொலர். 1976லிருந்து ஒரு அமெரிக்க டொலருக்கு 2.70 என்று கட்டிவைத்த விலை, மாறாது. 27 அவர்கள் டொலர் என்றால் 10 அமெரிக்க டொலர் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்க. அமெரிக்க டொலர் கடைகளில் எடுப்பார்கள், மீதி உள்ளூர்க் காசில் வரும். தகராறு வருவது ஒரே இடத்தில்: "அறுபது டொலர்" என்று வாடகைக்காரர் சொன்னால் எந்த டொலர்? ஏறுமுன் "ஈசியா, யூஎஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்க, 'ஈசி' என்பது கிழக்குக் கரீபியன் டொலர். கேட்காமல் ஏறினால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்.

இலங்கை ரூபாவை அங்கே மாற்ற இடமில்லை. இங்கே வங்கியில் கடவுச்சீட்டும் டிக்கெட்டும் காட்டி அமெரிக்க டொலர் வாங்குங்க, சின்னத் தாளாக, கிழிசல் எழுத்து இல்லாததாக. வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லுங்க. பண இயந்திரம் ரோசோவிலும் போட்ஸ்மவுத்திலும் இருக்கிறது, மலைக் கிராமங்களில் எதிர்பார்க்க வேண்டாம். வார இறுதிச் செலவுக்கு வெள்ளிக்கிழமையே எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

காப்புறுதி எடுக்கும்போது 'அவசர மருத்துவ விமானப் போக்குவரத்து' சேர்ந்திருக்கிறதா என்று பாருங்க. ரோசோவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் கடுமையான நோயாளியை மார்டினிக், குவாடலூப், பார்படோஸ் என்று வெளியே கொண்டுபோக வேண்டி வரும். அந்தச் செலவு இல்லாத மலிவுக் காப்புறுதி இந்தத் தீவுக்கு உதவாது. அவசர எண் 999.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெரிய தொல்லையாகக் கூடியது. இராணுவப் புள்ளி போட்ட உடுப்பு, தொப்பி, பை எதுவும் கொண்டுபோகாதீங்க. அங்கே பொதுமக்கள் அணிவது சட்டப்படி தடை, குழந்தை உடுப்பாக இருந்தாலும்.

பழைய_பேரேடு எழுதியது:

குவாடலூப் விசா பற்றிப் படித்தபோது ஒன்று சொல்லத் தோன்றியது. விசா கிடைத்து அங்கேயும் ஒரு நாள் போக முடிந்தால் போய்வாருங்கள், அம்மா. ரோசோவிலிருந்து வேகக் கப்பலில் இரண்டு மணித்தியாலம் அளவில்தான். தினமும் ஓடாது, நாளைப் பார்த்து எடுக்க வேண்டும். கடல் கொந்தளிப்பான கால்வாய், வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே போட வேண்டும்.

நம் முன்னோர் மன்னார் வழியே இறங்கிக் காட்டுப் பாதையில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போனார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853இல் மார்டினிக்குக்கும், 1854 டிசம்பரில் குவாடலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த முப்பத்தைந்து வருடங்களில் குவாடலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். மொழி பேச்சில் தங்கவில்லை. ஆனால் மாரியம்மன் தங்கிவிட்டாள், அங்கே 'மாலியெமின்' என்பார்கள். கபெஸ்தேர் பகுதியில் ஷாங்ஜி என்ற இடத்தில் வண்ணக் கோபுரத்தோடு கோயில் இருக்கிறது. முத்துசாமி, ராமசாமி எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயராகக் கடைப் பலகையில் நிற்கும். கோயிலுக்குள் போகும்போது பூசகரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சடங்கில் சொல்லும் தமிழ்ச் சொற்களைத் திருத்தப் போகாதீர்கள். நூற்றைம்பது வருடம் காதால் மட்டும் காத்துவந்தது அது.

சாப்பாட்டுக் கடையில் 'கொலம்போ' என்று எழுதியிருந்தால் நம் தலைநகரம் என்று குழம்ப வேண்டாம். அது அவர்களின் கறித்தூள் குழம்பு. பெயர் 'குழம்பு' என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, கொழும்பு நகரிலிருந்து என்பாரும் உண்டு. பெரும்பாலும் கோழி அல்லது ஆட்டிறைச்சி, உங்கள் வீட்டுக்காரருக்கு ஆகாது.

டொமினிக்காவிலேயே கூட ஒன்றைப் பார்ப்பீர்கள். விழா நாளில் பெண்கள் தலையில் கட்டுவதும் பாவாடையாக உடுப்பதும் கட்டம் போட்ட துணி. அதன் பெயர் 'மெட்ராஸ்'. நம் கரையிலிருந்து போன துணிதான், இன்று அவர்களின் தேசிய உடை.

கல்லுமலை_நடை எழுதியது:

விடுபட்டது சிலது.

விமான நிலையம் தீவோட வடகிழக்கில, டக்ளஸ் சார்ல்ஸ். ரோசோ தென்மேற்கில. நடுமலையைக் கடந்து போகணும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். தீவே 750 சதுரக் கிலோமீட்டர்தான், நுவரெலியா மாவட்டத்தில பாதி கூட இல்லை. ஆனா வளைவுப் பாதை, தூரத்தைக் கிலோமீட்டரில கணக்குப் போடாதீங்க. ரம்பொடைப் பாதையில நேரம் போற மாதிரிதான் போகும். திரும்புற விமானம் காலையிலன்னா கடைசி இரவு கலிபிஷி, வெஸ்லி, மாரிகோ பக்கம் தங்குங்க, எல்லாம் விமான நிலையத்துக்குக் கிட்ட.

பஸ்னு சொல்றது சின்ன வேன். இலக்கத் தகடு எச் எழுத்தில தொடங்கும். நிரம்பினாத்தான் புறப்படும். ரோசோவில ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மூலையில நிக்கும், பெயர்ப்பலகை தேடாம ஆளைக் கேளுங்க. கேட்கிறதுக்கு முந்தி "குட் மோர்னிங்" சொல்லணும். சொல்லாம நேரா கேள்வி கேட்டா மரியாதை இல்லைன்னு எடுத்துக்குவாங்க, பதிலும் அரைகுறையா வரும். இருட்டின பிறகு சந்திக்கும்போதே "குட் நைட்" சொல்வாங்க, போயிட்டு வாங்கன்னு அர்த்தம் இல்லை, வணக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை வேன் இல்லைன்னே வச்சுக்கங்க. விபூதிப் புதனுக்கு முந்தின திங்களும் செவ்வாயும் கார்னிவல். கடை, வேன், வழிகாட்டி எதுவும் ஒழுங்கா கிடைக்காது. உங்க திகதியை அந்த வருஷ நாட்காட்டியோட வச்சுப் பாருங்க.

வாகனம் வாடகைக்கு எடுத்தா நம்ம மாதிரியே இடப்பக்கம் ஓட்டம். உள்ளூர்த் தற்காலிக அனுமதி வேணும், வாடகைக் கடையிலயே எடுத்துத் தருவாங்க. பயம் வளைவு இல்லை, கான். பாதையோரத்தில மழைத்தண்ணிக்கு வெட்டின ஆழமான சிமெந்துக் கான், தடுப்பு கிடையாது, சில இடத்தில புல் மூடியிருக்கும். எதிர்ல லொறி வருதுன்னு கரைக்கு ஒதுங்கினா முன்சில்லு அதில இறங்கும். ஒதுங்காம நின்னு, அவர் கடக்க இடம் விடுங்க. வளைவில ஹோர்ன் அடிக்கிறது அங்கயும் வழக்கம்.

கடற்கரை வெள்ளை மணல் இல்லை, எரிமலைக் கறுப்பு மணல்தான் அதிகம். கடலோரத்தில மான்சினீல்னு ஒரு மரம், சின்னப் பச்சை அப்பிள் மாதிரி காய், தொட்டா பால் வடியும், தோல் கொப்பளிக்கும். காயைக் கடிச்சா தொண்டை வெந்துபோகும். மழைக்கு அந்த மரத்தடியில ஒதுங்கவே கூடாது, இலையில வழியிற தண்ணியே சுடும். சில மரத்தில சிவப்பு வளையம் பூசியிருப்பாங்க, எல்லாத்திலயும் இல்லை. இன்னொரு பக்கம் நல்ல செய்தி, டொமினிக்காக் காட்டில விஷப்பாம்பு கிடையாது. நுளம்பால டெங்கு உண்டு, மலேரியா இல்லை.

டிக்கோயா_பயணி எழுதியது:

எல்லாத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அமெரிக்க விசாவுக்குத்தான் முதலில் விண்ணப்பிக்கிறோம். கடைசியாக ஒன்று, பிளக்?

டிக்கெட்_மேசை எழுதியது:

230 வோல்ட், மூன்று சதுரக் கால் பிளக், இப்போ நம்ம வீட்டில் இருக்கிற அதேதான். உங்கள் தொலைபேசி சார்ஜர் அப்படியே சரிவரும். மியாமியில் காத்திருக்கும்போது சார்ஜ் போடத்தான் தட்டைக் கால் மாற்றி வேணும், ஒன்று கைப்பையில் வையுங்க. நேரம் நம்மை விட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை எட்டு மணிக்கு வீட்டுக்குக் கோல் எடுத்தால் டிக்கோயாவில் பின்னேரம் ஐந்தரை.